தணியும் துடிப்பு

நுழையும்முன்

ஓடி முடித்தவரின் இதயம் எவ்வளவு விரைந்து துடித்தது என்று கேட்பது இயல்பு. அது எவ்வளவு விரைவில் தணிந்தது என்று கேட்பது அதனினும் பயனுள்ளது. பயிற்சி முடிந்த முதல் ஒரு நிமிடத்தில் இதயத் துடிப்பு எத்தனை எண்ணிக்கை குறைகிறது என்பதைக் கொண்டு உடலின் நலத்தைப் பற்றிய அரிய செய்தியொன்றை அறியலாம். அதனை அறிய இரண்டு விரல்களும் ஒரு கடிகாரமும் போதும். எனினும் கவனமின்றி அளந்தால் அதே எண் தவறான செய்தியைத் தந்துவிடும்.

எண்ணப்பட்ட நாடி

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கும் வழக்கம் மிகப் பழமையானது. சித்த மருத்துவர் மூன்று விரல்களைப் பதித்து வளி, அழல், ஐயம் ஆகியவற்றின் நடையை உணர்வர். அங்கு நாடியின் தன்மையே முதன்மை பெற்றது. நாடியை எண்ணாக மாற்றுவதற்குக் காலத்தை நுட்பமாக அளக்கும் கருவி தேவைப்பட்டது.

இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடியை அளக்க ஊசலைப் பயன்படுத்தினார். நூலில் தொங்கும் குண்டு நாடியோடு ஒத்து ஆடும்வரை அந்நூலின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். நாடி விரைந்தால் நூல் குறுகும்; நாடி தணிந்தால் நூல் நீளும். துடிப்பை எண்ணாமல் நூலின் நீளத்தாலேயே குறித்த முறை அது. பின்னர் 1707ஆம் ஆண்டில் ஜான் ஃப்ளோயர் என்னும் ஆங்கில மருத்துவர், ஒரு நிமிடம் ஓடக்கூடிய நாடிக் கடிகாரத்தைப் பற்றி நூல் எழுதினார். 'நிமிடத்திற்கு இத்தனை துடிப்பு' என்று சொல்லும் இன்றைய வழக்கத்திற்கு அம்முயற்சி வழிவகுத்தது.

ஓய்ந்திருக்கும் உடலின் நாடியை எண்ணுவது எளிது. உழைத்த உடலின் நாடியோ ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டிருக்கும். அம்மாற்றத்தை அளப்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

ஏற்றமும் இறக்கமும்

ஓய்விலிருக்கும் வளர்ந்த மனிதரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். அப்போது அது வெளித்தள்ளும் குருதி நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர். கடுமையாக உழைக்கும்போது தசைகளுக்கு ஆக்சிஜன் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அந்நிலையில் இதயம் நிமிடத்திற்கு 20 லிட்டருக்கும் மேற்பட்ட குருதியைத் தள்ள வேண்டியிருக்கிறது. இத்தேவையை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கிறது.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனோ ஏட்ரியல் கணுவே துடிப்பைத் தோற்றுவிக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகியோர் 1907இல் இதனைக் கண்டறிந்தனர். எந்த நரம்பின் தூண்டுதலும் இல்லாவிடில் இக்கணு தானாகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிப்பை எழுப்பும். அவ்வாறாயின், ஓய்விலிருக்கும் ஒருவருக்கு 70 துடிப்புகள் மட்டுமே இருப்பது ஏன்? இதயத்தை ஏதோ ஒன்று இடைவிடாமல் தடுத்து வைத்திருக்கிறது என்பதே அதற்கு விடை.

அத்தடுப்பைச் செய்வது வேகஸ் நரம்பு. இது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. மூளையின் அடிப்பகுதியில் தோன்றிக் கழுத்து, மார்பு, வயிறு என நெடுந்தொலைவு செல்வதால், இலத்தீன் மொழியில் 'அலைவது' எனப் பொருள்படும் பெயர் இதற்கு அமைந்தது. இதற்கு எதிராக இதயத்தை முடுக்கும் பணியைப் பரிவு நரம்புகளும் அட்ரினலின் என்னும் இயக்குநீரும் செய்கின்றன.

ஒருவர் ஓடத் தொடங்கியவுடன் முதலில் வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது. அதனாலேயே முதல் சில நொடிகளில் துடிப்பு விரைந்து உயர்கிறது. ஓட்டம் கடுமையாகும்போது பரிவு நரம்புகளின் முடுக்கம் சேர்ந்துகொள்கிறது. ஓட்டம் நின்றதும் இவ்வரிசை மாறி நிகழ்கிறது. வேகஸ் நரம்பு உடனே தன் பிடியை மீண்டும் இறுக்குகிறது. குருதியில் கலந்துள்ள அட்ரினலின் மெல்ல மெல்லவே குறைகிறது. ஆகவே முதல் ஒரு நிமிடத்தில் காணப்படும் விரைவான இறக்கம் பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வேலை. அதன்பின் பல நிமிடங்கள் நீளும் மெதுவான இறக்கத்தில் பரிவு நரம்புகள் அடங்குவதற்கும் பங்குண்டு. இதயத் துடிப்பு மீட்சியை அளப்போர் முதல் நிமிடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுவே.

தவளை இதயம் தந்த சான்று

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் தணியும் என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த வெபர் சகோதரர்கள் 1845இல் காட்டினர். நரம்பு இதயத்திற்குத் தன் ஆணையை எவ்வாறு தெரிவிக்கிறது என்பது அதன்பின்னும் பல்லாண்டுகள் விளங்காமலேயே இருந்தது. மின்சாரம்போல் நேரடியாகப் பாய்கிறதா, அன்றி ஏதேனும் வேதிப்பொருள் தூது செல்கிறதா என்று அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஆட்டோ லோவி, 1921இல் வெளியிட்ட ஆய்வினால் இவ்வினாவுக்கு விடை கண்டார். அவர் இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது தணிந்தது. அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த கரைசலை எடுத்து, நரம்பு நீக்கப்பட்ட இரண்டாம் இதயத்தில் செலுத்தினார். எந்த நரம்பும் தொடாத அவ்விதயமும் தணிந்தது. தணிக்கும் பொருள் கரைசலில் இருந்தது என்பது தெளிவாயிற்று. அப்பொருள் அசிட்டைல்கோலின் என்று பின்னர் அறியப்பட்டது. இத்துறை ஆய்வுகளுக்காக லோவியும் ஹென்றி டேலும் 1936ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஓட்டத்தை முடித்து மூச்சு வாங்க நிற்கும் ஒவ்வொருவரின் உடலிலும் லோவி கண்ட அச்செயலே நிகழ்கிறது. அது எத்துணை விரைவில் நிகழ்கிறது என்பதைத்தான் மணிக்கட்டில் வைத்த விரல்கள் அளக்கின்றன.

படியேறும் சோதனை

உழைப்புக்குப் பிந்திய நாடியைக் கொண்டு உடல்தகுதியை மதிப்பிடும் முறைகளுள் புகழ்பெற்றது ஹார்வர்டு படியேற்றச் சோதனை. இரண்டாம் உலகப் போரின்போது பெருந்தொகையான இளைஞர்களின் உடல்தகுதியை விரைந்து அறியவேண்டிய தேவை அமெரிக்காவில் எழுந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வகத்தில் பணியாற்றிய லூசியன் புரூவாவும் அவருடைய குழுவினரும் 1943இல் இம்முறையை வெளியிட்டனர்.

இதற்குத் தேவையானவை 20 அங்குல உயரமுள்ள பலகை மேடையும் கடிகாரமும் மட்டுமே. சோதிக்கப்படுபவர் நிமிடத்திற்கு 30 முறை வீதம் மேடைமீது ஏறி இறங்க வேண்டும். 5 நிமிடங்கள் நிறைவுறும்வரை அல்லது இனி இயலாது என்னும்வரை இது தொடரும். பின்னர் அவர் அமர்ந்துகொள்ள, மூன்று முறை நாடி எண்ணப்படும். பயிற்சி முடிந்து 1 நிமிடம் கழித்து அரை நிமிடம், 2 நிமிடம் கழித்து அரை நிமிடம், 3 நிமிடம் கழித்து அரை நிமிடம் என எண்ணிக்கை எடுக்கப்படும். ஏறி இறங்கிய நொடிகளை 100ஆல் பெருக்கி, மூன்று எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையின் இருமடங்கால் வகுத்தால் தகுதிக் குறியீடு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 5 நிமிடங்களையும் (300 நொடிகள்) நிறைவு செய்த ஒருவரின் எண்ணிக்கைகள் 75, 65, 60 எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 200, அதன் இருமடங்கு 400. 30,000ஐ 400ஆல் வகுக்கக் கிடைப்பது 75. இக்குறியீடு 55க்குக் கீழிருந்தால் தகுதி குறைவு என்றும், 80 முதல் 89 வரை நன்று என்றும், 90ம் அதற்கு மேலும் மிக நன்று என்றும் வகுக்கப்பட்டன.

உழைத்துக்கொண்டிருக்கும்போது எட்டிய உச்சத் துடிப்பு இக்கணக்கில் இடம்பெறவில்லை. எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார், பின்னர் எவ்வாறு மீண்டார் என்னும் இரண்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. இச்சோதனைக்கு ஒரு குறையும் உண்டு. ஒரே உயரமுள்ள மேடை நெட்டையானவருக்கு எளிதாகவும் குட்டையானவருக்குக் கடினமாகவும் அமையும். அதனால் பிற்காலத்தில் பெண்களுக்கும் சிறுவர்க்கும் மேடையின் உயரம் குறைத்து அமைக்கப்பட்டது. அளவுகோல் அனைவர்க்கும் ஒன்றாக இருப்பதாலேயே அளவை நேர்மையானதாகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

ஒரு நிமிடத்தின் பொருள்

விளையாட்டுத் திடலில் பயன்பட்ட இவ்வளவை மருத்துவமனைக்கும் உரியது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மருத்துவர் பரிந்துரையின்படி ஓடுபொறியில் உடற்பயிற்சிச் சோதனைக்கு வந்த 2,428 பேர் அதில் இடம்பெற்றனர். அவர்களின் சராசரி அகவை 57. பயிற்சியின் உச்சத்தில் இருந்த துடிப்புக்கும், மெல்ல நடந்தபடி ஒரு நிமிடம் கழிந்தபின் இருந்த துடிப்புக்கும் உள்ள வேறுபாடு குறித்துக்கொள்ளப்பட்டது. 12 அல்லது அதற்குக் குறைவான இறக்கம் இயல்புக்கு மாறானது என வரையறுக்கப்பட்டது.

ஏறத்தாழ 6 ஆண்டுகள் அவர்களின் நிலை தொடர்ந்து அறியப்பட்டது. அக்காலத்தில் 213 பேர் இறந்தனர். இதயம் மெதுவாகத் தணிந்தோருக்கு இறப்பு வாய்ப்பு ஏனையோரைவிட நான்கு மடங்காக இருந்தது. அகவை, பிற நோய்கள், மருந்துகள் போன்ற காரணங்களையெல்லாம் கணக்கிட்டு ஒதுக்கிய பின்னும் அது இருமடங்காக நின்றது.

இதன் பொருளைச் சரியாக உணர்தல் வேண்டும். மெதுவாகத் தணிவதே இறப்புக்குக் காரணம் என்று இவ்வாய்வு கூறவில்லை. இதயத்தை அடக்கியாளும் நரம்பின் வலிமை குன்றியிருப்பதை அது முன்னதாகவே காட்டிக்கொடுக்கிறது. எச்சரிக்கை மணி தீயை மூட்டுவதில்லை, தீயை அறிவிக்கிறது.

அளக்கும் முறை

இதயத் துடிப்பு மீட்சி என்பது, பயிற்சி முடியும் கணத்துத் துடிப்பிலிருந்து ஒரு நிமிடம் கழிந்தபின் உள்ள துடிப்பைக் கழிக்கக் கிடைப்பதாகும். பயிற்சி முடியும்போது நிமிடத்திற்கு 168ஆக இருந்த துடிப்பு ஒரு நிமிடத்தில் 132ஆகக் குறைந்தால் மீட்சி 36 ஆகும்.

நாடியை எண்ணச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரலின் பக்கமாக மென்மையாகப் பதித்தல் வேண்டும். கட்டைவிரலால் எண்ணுதல் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு உணரப்படுவதால் எண்ணிக்கை குழம்பும். கழுத்தில் எண்ண நேர்ந்தால் ஒரு பக்கத்தை மட்டும் மெல்லத் தொடல் வேண்டும். அங்கு அழுத்தினால் இதயத் துடிப்பே தணிந்துவிடக்கூடும், மயக்கமும் வரலாம்.

பயிற்சி முடிந்தபின் உடலை எந்நிலையில் வைக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். படுத்திருப்பவரின் இதயம் நடப்பவரின் இதயத்தைவிட விரைவில் தணியும். இதனால்தான் பயிற்சி முடிந்தவுடன் படுக்கவைத்து அளந்த பிறிதோர் ஆய்வில் 12க்கு மாறாக 18 என்னும் எல்லை கொள்ளப்பட்டது. ஒருநாள் நின்றும் மறுநாள் அமர்ந்தும் எடுத்த அளவுகளை ஒப்பிடுதல் பொருந்தாது. கடுமையாக ஓடியவர் அசையாமல் திடீரென நின்றுவிட்டால் குருதி கால்களில் தேங்கித் தலைசுற்றல் உண்டாகலாம். ஆதலால் மெல்ல நடந்தபடியோ அமர்ந்தோ மீள்வது நன்று.

பிழை நுழையும் இடங்கள்

நாடியை 10 நொடிகள் எண்ணி 6ஆல் பெருக்குவது வழக்கம். இதில் ஒரு துடிப்பை விட்டுவிட்டால் விடையில் 6 குறையும். முதல் எண்ணிக்கையில் ஒன்று குறைந்து, இரண்டாம் எண்ணிக்கையில் ஒன்று கூடினால் மீட்சியின் அளவில் 12 குறைந்துவிடும். நலத்தையும் நலக்குறைவையும் பிரிக்கும் எல்லையே 12 என்பதை நினைவிற்கொண்டால் இப்பிழையின் பெருமை புலனாகும். அரை நிமிடம் எண்ணினால் பெருக்கற்பிழை குறையும். ஆனால் எண்ணிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு தணிந்துகொண்டிருப்பதால், கிடைப்பது அவ்வரை நிமிடத்தின் சராசரியாகவே இருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக 15 நொடிகள் எண்ணி 4ஆல் பெருக்குவோரும் உளர்.

காலத்தாழ்ச்சி இதனினும் பெரிய பிழையை விளைவிக்கும். இருவரின் துடிப்பு பயிற்சி முடிவில் 180 எனக் கொள்வோம். ஒரு நிமிடத்தில் முதலாமவருடையது 140ஆகவும் இரண்டாமவருடையது 165ஆகவும் குறைகின்றன. உண்மையான மீட்சி முறையே 40, 15. நாடியைத் தேடுவதிலேயே முதல் 15 நொடிகள் கழிந்தன என்போம். அதற்குள் முதலாமவரின் துடிப்பு 168ஆகவும் இரண்டாமவரின் துடிப்பு 176ஆகவும் தணிந்திருந்தால், குறிக்கப்படும் மீட்சி 28, 11 என்றாகும். விரைந்து மீள்பவர் 12ஐ இழக்கிறார். மெதுவாக மீள்பவர் 4ஐ மட்டுமே இழக்கிறார். அளப்பவரின் தாமதம் நல்ல இதயத்திற்கே மிகுந்த இழப்பைத் தருகிறது. மற்றவரையோ அது தேவையின்றி எல்லைக்குக் கீழே தள்ளிவிடுகிறது.

எனவே பயிற்சி செய்பவரும் நாடி எண்ணுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருத்தல் நலம். நாடி உணரப்படும் இடத்தை முன்கூட்டியே கண்டு வைத்தல் வேண்டும். மூன்று வெவ்வேறு நாள்களில் அளந்து நடு அளவை எடுத்துக்கொள்ளலாம். மார்புப்பட்டைக் கருவிகள் இதயத்தின் மின்குறிகளை உணர்ந்து ஒவ்வொரு துடிப்பையும் பதிவு செய்கின்றன. கைக்கடிகாரக் கருவிகள் தோலில் ஒளியைச் செலுத்திக் குருதியோட்டத்தின் ஏற்றத்தாழ்வை உணர்கின்றன. கை அசையும்போது இவற்றின் கணக்கு பிறழக்கூடும். கருவி காட்டும் எண்ணையும் ஒருமுறை விரலால் சரிபார்த்தல் நல்ல பழக்கம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

ஒருவரின் மீட்சி ஒருநாள் குறைந்திருந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். முந்தைய இரவின் உறக்கக் குறைவு, காய்ச்சல், உடலில் நீர் குறைதல், வெயிலின் கடுமை ஆகியன துடிப்பு தணிவதைத் தாமதப்படுத்தும். குறைவாக உழைத்தவரின் துடிப்பு உச்சத்தை எட்டியிராது. அதனால் இறங்கும் அளவும் சிறிதாகவே இருக்கும். சில மருந்துகளும் துடிப்பை மாற்றும். நடுத்தர அகவையினரிடம் கண்ட எல்லையைப் பதினாறு அகவை மாணவர்மீது அப்படியே பொருத்துதலும் முறையன்று. ஓர் எண்ணைக் கொண்டு ஒருவரை நோயாளி என்றோ தகுதியற்றவர் என்றோ முடிவு கட்டுதல் தவறு. அதே நேரத்தில், பயிற்சியின்போது மார்புவலி, மயக்கம், இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் எந்த எண்ணுக்கும் காத்திராமல் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும். இதயக் குறைபாடு உள்ளோர் மருத்துவரின் ஒப்புதலின்றி இச்சோதனையில் ஈடுபடுதல் கூடாது.

இவ்வெண்ணின் சிறந்த பயன் ஒன்றுண்டு. அது மாற்றத்தக்கது. நெடுந்தொலைவு ஓட்டம், மிதிவண்டி ஓட்டுதல், நீச்சல், விரைவு நடை ஆகியவற்றை வாரக்கணக்கில் தொடர்ந்து செய்வோரின் இதயம் முன்னைவிட விரைந்து தணிகிறது. இதய நோயிலிருந்து மீண்டு மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சி பெறுவோரிடமும் இம்முன்னேற்றம் காணப்படுகிறது. உயரமும் அகவையும் ஒருவரின் விருப்பத்திற்கு உட்பட்டவை அல்ல. துடிப்பு தணியும் வேகமோ முயற்சிக்கு ஓரளவு பணியக்கூடியது.

ஆகவே மாணவர் ஒருவர் தம் மீட்சியைப் பக்கத்தில் நிற்பவரின் மீட்சியோடு ஒப்பிடுவதைவிட, தம்முடைய மூன்று திங்களுக்கு முந்தைய மீட்சியோடு ஒப்பிடுவதே பொருத்தமானது. அதே திடல், அதே தொலைவு, அதே வேளை, அதே உடல்நிலை என அனைத்தையும் ஒன்றாக வைத்து, தேதியிட்டு எழுதப்பட்ட ஒரு பக்கக் குறிப்பு அதற்குப் போதும்.

கற்பவை கற்றபின்

1. ஓட்டம் முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு விரைந்து குறைவதும் பின்னர் மெதுவாகக் குறைவதும் ஏன் என்பதை ஒரு பத்தியில் விளக்குக.

2. ஒருவர் படியேற்றச் சோதனையில் 240 நொடிகள் தாக்குப்பிடித்தார். அவருடைய மூன்று எண்ணிக்கைகள் 70, 66, 64. அவரது தகுதிக் குறியீட்டைக் கணக்கிடுக.

3. உடற்கல்வி ஆசிரியரின் மேற்பார்வையில் இருவர் இருவராகப் பிரிந்து இதயத் துடிப்பு மீட்சியை அளந்து, பிழை நேரக்கூடிய இடங்களைப் பட்டியலிடுக.

4. 'அளவுகோல் ஒன்றாக இருப்பதாலேயே அளவை நேர்மையானதாகிவிடாது' என்னும் கருத்தை உடற்பயிற்சி அல்லாத வேறொரு துறையிலிருந்து சான்று காட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.